மெத்தைக்காரர் படுத்திருக்கிறார்

பையை நாற்காலியில் வைப்பார். அதன் மேல் குடை. குடையின் மேல் மடித்த துண்டு. கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரே நாற்காலி இப்படி நிறைந்த பிறகு செருப்பைக் கழற்றி, போர்வையை மார்பு வரை இழுத்துவிட்டுக்கொண்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்புவார். அந்த நிமிடத்திலிருந்து அவர் நோயாளி. என்ன நோய் என்பதை அவரே தீர்மானிப்பார். போன வருடம் சிறுநீரகம். இந்த வருடம் ஈரல்.

இறையியல் கல்லூரியின் மாடியில் ஆஸ்பத்திரி அறையைப் போலவே ஓர் அறை இருக்கிறது. போதகராகப் போகிற முதுகலை மாணவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்து நோயாளிக்கு ஆறுதல் சொல்ல வேண்டும். திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பேராசிரியர் மதிப்பெண் போடுவார். கிரேக்க மொழித் தேர்வுக்குக்கூடப் பயப்படாத பிள்ளைகள் இந்தக் கட்டிலுக்குப் பயப்படுவார்கள்.

நோயாளியாகப் படுக்கும் ஆளுக்குத் தொழில் மெத்தை தைப்பது. கடை கல்லூரிக்குப் பின்தெருவில். சில வருடங்களுக்கு முன் இந்தக் கட்டிலின் மெத்தையைப் பிரித்துப் பஞ்சை உதறித் தைத்துக் கொடுக்க வந்தார். தான் தைத்த மெத்தையில் தானே ஒரு தடவை புரண்டு பார்க்காமல் அவர் யாரிடமும் ஒப்படைப்பதில்லை. அன்றும் புரண்டு பார்த்தார். தேர்வு நாள் என்பது அவருக்குத் தெரியாது. உள்ளே வந்த மாணவன், நோயாளியாக நடிக்க ஆள் வந்தாயிற்று என்று நினைத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு ஜெபிக்கத் தொடங்கிவிட்டான். இவர் பதறி எழுந்து உட்கார்ந்து, "தம்பி, எனக்கு ஒண்ணும் இல்லப்பா" என்றார். அவன் இன்னும் உரக்க ஜெபித்தான்.

திரைக்குப் பின்னால் பேராசிரியருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்து முடித்ததும் கவலை வந்தது. அதுவரை மாணவர்களே மாறி மாறி நோயாளியாகப் படுத்து, ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து, எல்லோரும் அமோகமாகத் தேறிக்கொண்டிருந்தார்கள். அடுத்த வருடத்திலிருந்து மெத்தைக்காரர்தான் நிரந்தர நோயாளி. "வேலைக்குப் போறேன்னு சொல்லிட்டுப் படுக்கப் போற மனுஷன் உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்" என்று அவர் மனைவி சொல்லாத தேர்வு நாள் கிடையாது.

சாதுவான நோயாளி என்று அவரைச் சொல்ல முடியாது. "ஜெபம் பண்ணட்டுங்களா?" என்று கேட்டால், "பண்ணிட்டு?" என்பார். "எல்லாம் சரியாயிடும்" என்பவனிடம், "டாக்டர் சொன்னாரா, நீயா சொல்றியா?" என்பார். நாற்காலியில் இருக்கும் பையை என்ன செய்வது என்று தெரியாமல் முக்கால்வாசிப் பேர் நின்றுகொண்டே பேசிவிட்டுப் போவார்கள். ஒருவன் பையின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். உள்ளே மதியச் சாப்பாடு இருந்தது. அவனை மட்டும் அவர் இன்னும் மன்னிக்கவில்லை.

பேராசிரியரின் தாளில் கட்டங்கள் நிறைய. கவனித்துக் கேட்டல், வசனம், ஜெபம் என்று இறங்கிக்கொண்டே போகும். கடைசிக் கட்டம் மெத்தைக்காரருடையது. இந்த மாணவர் மறுபடியும் என்னைப் பார்க்க வரலாமா என்பது கேள்வி. அதில் 'வரட்டும்' என்று விழாவிட்டால் தேர்ச்சி இல்லை. படித்துப் போனவர்கள் எங்கே வேலையில் இருக்கிறார்கள், எப்படி இருக்கிறார்கள் என்று ஒரு வருடம் கழித்துக் கல்லூரி விசாரிக்கும். அவர் வரட்டும் என்றவர்களில் பெரும்பாலோர் போன இடத்தில் நிலைத்துவிட்டார்கள். ஒருவன் மட்டும் இன்சூரன்ஸ் விற்கப் போய்விட்டான். "அவன்கிட்ட நானே பாலிசி எடுத்திருப்பேன். அப்படிப் பேசினான்" என்று தன் தோல்வியைத் தானே சொல்லிச் சிரிப்பார்.

இந்த முறை நடப்பது மறுதேர்வு. கட்டிலுக்கு வந்தது ஒரே ஒரு பெண். வகுப்பிலேயே முதல் மதிப்பெண் வாங்குகிறவள். போன தேர்வில் மணிமணியாக ஜெபித்தாள். இவர் முகத்தை மட்டும் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பெரிய ஆஸ்பத்திரி ஒன்று நோயாளிகளைச் சந்திக்கும் போதகர் வேலையை அவளுக்காகவே பிடித்து வைத்திருந்தது. மறுநாள் காலைக்குள் தேர்ச்சி என்று தாள் போகாவிட்டால் அது வேறு ஆளுக்கு. அவளுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு.

அவள் வந்தாள். நாற்காலியைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். "ஐயா, பேசலாமா, இல்ல கொஞ்சம் தூங்கணுமா?"

"தூங்கணும். போம்மா" என்றார் சுவரைப் பார்த்தபடி. அது அவருடைய வழக்கமான அஸ்திரம். போ என்றதும் ஒன்று அவசரமாக ஜெபிப்பார்கள், அல்லது வாதாடுவார்கள்.

"சரிங்க. சாயங்காலம் வந்து பாக்குறேன்" என்றாள் அவள். ஜன்னல் வெயில் அவர் கண்ணில் விழாதபடி பலகையைச் சாத்தினாள். சத்தமில்லாமல் கதவை இழுத்துவிட்டுப் போய்விட்டாள்.

பேராசிரியர் திரையை விலக்கிக்கொண்டு வந்தார். தாளில் எல்லாக் கட்டமும் வெறுமையாக இருந்தது. "இதுக்கு நான் என்னங்க மார்க் போடுறது? பயத்துல ஓடிட்டா பாவம்."

"ஓடல சார். சாயங்காலம் வர்றேன்னு சொல்லிட்டுப் போயிருக்கு."

"நீங்க நோயாளி இல்லைன்னு அவளுக்குத் தெரியும். தேர்வு முடிஞ்சிடுச்சுன்னும் தெரியும். சாயங்காலம் இங்க யாரைப் பாக்க வருவா?"

"அதத்தான் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு மெத்தைக்காரர் திரும்பிப் படுத்துக்கொண்டார். தான் இங்கே காத்திருப்பதை அவளிடம் யாரும் சொல்லக்கூடாது என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

மதியச் சாப்பாட்டைக் கட்டிலிலேயே சாப்பிட்டார். மெத்தையின் ஓரத்தைத் தடவி, ஒரு தையல் விட்டிருப்பதைக் கண்டுபிடித்தார். மனைவி தொலைபேசியில், "கடையில ஆள் வந்து காத்துட்டு இருக்காங்க, இன்னுமா படுத்திருக்கீங்க?" என்றாள். "இன்னிக்கு ஓவர்டைம்" என்றார். பேராசிரியரும் போகாமல் திரைக்குப் பின்னாலேயே வேறு தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார்.

வெயில் இறங்கியது. கீழே வகுப்புகள் விட்டு, படிக்கட்டில் பேச்சும் செருப்புச் சத்தமும் நிறைந்து, பிறகு அடங்கின. மெத்தைக்காரர் கதவையே பார்த்துக்கொண்டு கிடந்தார். இத்தனை வருடத்தில் எந்தப் பிள்ளையும் வர வேண்டுமே என்று அவர் ஏங்கியதில்லை. யாருமே வராமல் இந்தக் கட்டிலில் கிடப்பது எப்படி இருக்கும் என்பதும் அவருக்கு இன்றுதான் தெரிந்தது. உண்மையான நோயாளிகளை நினைத்துக்கொண்டார்.

"கிளம்பலாமா?" என்றது திரை.

"கொஞ்சம் இருங்க சார்."

வெளியே வராந்தாவில் ஒரே ஒரு ஜோடி செருப்பின் சத்தம் கேட்டது. அது கதவு வரை வந்து நின்றது. மெதுவாக ஒரு தட்டு.

மெத்தைக்காரர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பவில்லை. கையை நீட்டி, துண்டையும் குடையையும் பையையும் நாற்காலியிலிருந்து எடுத்துக் கட்டிலுக்கு அடியில் வைத்தார்.