வரிசையில்லாத விருந்து

மகளின் காதல் திருமணத்துக்கு உரும்பிராய் மண்டபத்தில் வாழையிலைப் பந்திதான் என்று முடிவு செய்திருந்தேன். மாப்பிள்ளையின் தகப்பனோ பஃபேதான் வேண்டும் என்று விடாப்பிடியாக நின்றார். சொன்னதற்கு மேல் ஆட்களைக் கூட்டிவரப் போகிறாரோ என்று எனக்குச் சந்தேகம்.

"உண்மையைச் சொல்லுங்கோ அண்ணை, ஏன் பந்தி வேண்டாம்?" என்று கேட்டேவிட்டேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தே சொன்னார். "என்ரை தங்கச்சியும் சாதி மாறிக் காதலிச்சுக் கட்டினவள். அந்தக் கலியாணத்திலை நாங்கள் பந்தியிலை வந்து இருந்தவுடனை, அவளின்ரை மாப்பிள்ளை பகுதியார் சாதி பார்த்து இலையை மடிச்சுப்போட்டு எழும்பிப் போனவை. பஃபேயிலை ஆரும் அப்பிடி எழும்பேலாது."

பஃபேதான் வைத்தோம். தட்டும் கையுமாக நின்று சிரித்துக் கதைத்த என் சொந்தக்காரரை ஒவ்வொருவராகப் பார்த்தேன். பந்தியாக இருந்திருந்தால் இவர்களில் யார் எழும்பியிருப்பார்கள்?

சம்பந்திமேல் இருந்த சந்தேகம் அன்றே போய்விட்டது. என் ஆட்கள்மேல் வந்தது இன்னும் போகவில்லை.