பத்துக்கு எத்தனை

அவளுடைய வேலையை ஒரே வரியில் சொல்லிவிடலாம். வீடு வீடாகப் போய், "உங்க வாழ்க்கையில உங்களுக்கு எவ்வளவு திருப்தி? பத்துக்கு எத்தனை குடுப்பீங்க?" என்று கேட்க வேண்டும், என்ன பதில் வந்தாலும் முகம் மாறாமல் இருக்க வேண்டும். முதல் பாதியை யாரும் செய்துவிடலாம். இரண்டாம் பாதிக்குத்தான் சம்பளம்.

தெருக்களில் அவளுக்குப் பெயரே அதுதான். "பத்துக்கு எத்தனை அக்கா வராங்க!" என்று பேக்கரிக்காரர் உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார், ஏதோ சோதனை அதிகாரி வந்துவிட்டதைப் போல.

அவள் வேலை பார்த்த ஆராய்ச்சி நிலையத்தில் மேல்மாடி ஒரு கூட்டம், கீழ்த்தளம் ஒரு கூட்டம். எந்த மரம் எப்போது இலை உதிர்க்கிறது, கொசு எப்போது பெருகுகிறது, பறவைகள் எப்போது வந்து எப்போது கிளம்புகின்றன என்று பார்ப்பவர்கள் மேலே. அதே மாதங்களில் மனிதர்கள் எவ்வளவு தூங்குகிறார்கள், எதற்குச் சண்டை போடுகிறார்கள், வாழ்க்கையைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று பார்ப்பவர்கள் கீழே. மேல்மாடிக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. வீட்டுக்கு ஆள் வந்திருக்கிறதே என்று எந்த மரமும் உதிர்க்க வேண்டிய இலையைப் பிடித்து வைத்துக்கொள்வதில்லை. மனிதர்கள் வைத்துக்கொள்வார்கள். ஓய்வுபெற்ற எழுத்தர் ஒருவர் மழையில் கூரை ஒழுகியபோதும் ஏழு என்றார், கூரை சரியான பிறகும் ஏழு என்றார். அவள் எழுந்து கிளம்பும்போது அவரே விளக்கமும் கொடுத்தார்:

"ஏழுன்னு சொன்னா யாரும் மேல எதுவும் கேக்க மாட்டாங்கம்மா. பத்துன்னா பொறாமைப்படுவாங்க, அஞ்சுன்னா ஆறுதல் சொல்ல வந்துடுவாங்க."

அக்கா முகம் மாறாமல், "சரிங்க, நன்றி" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். சிரிப்பைத் தெருமுனை வரை தள்ளிப்போடப் பழகியிருந்தாள்.

இந்தப் பழக்கம் வேலை நேரம் முடிந்ததும் கழற்றி மாட்டக்கூடியது அல்ல என்பதுதான் சிக்கல். அவள் கணவன் ஏசி மெக்கானிக். புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, "எப்படி இருக்கு?" என்று கேட்டால், "சரி" என்பாள். முடி வெட்டிக்கொண்டு வந்தாலும் "சரி". ஒரு தடவை அவன் வழுக்கி விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு வந்தபோதும் முதலில் வாயில் வந்தது "சரி"தான், பிறகுதான் மருந்து வந்தது. "உன் மூஞ்சியப் பாத்து வானிலை சொல்ல முடியாது" என்று அவன் புகார் செய்வான். ஊராருக்கெல்லாம் குளிர் கொடுக்கும் அவன் வீட்டில் ஏசி இரண்டு வருடமாக ஓடவில்லை என்பது அவளுடைய எதிர்ப் புகார். இரண்டு புகாரும் நிலுவையில் இருந்தன.

புதிய ஆய்வு ஒன்று தொடங்கியது. தேர்ந்தெடுத்த வீடுகளில் ஒரே ஆளிடம் மழைக்காலத்தில் ஒரு தடவை, வெயிலில் ஒரு தடவை, குளிரில் ஒரு தடவை அதே கேள்விகளைக் கேட்பது. முதலில் மொத்த வாழ்க்கைக்கு மதிப்பெண். பிறகு வேலை, உடம்பு, தூக்கம், குடும்பம் என்று தனித்தனியாக. கடைசியில் ஒரு தெர்மாமீட்டரை மேசையில் வைத்து அறையின் வெப்பத்தைக் குறிப்பது. வீடுகளைக் குலுக்கிப் போட்டு எடுத்தார்கள். அதில் அக்காவின் வீடும் வந்தது, பதில் சொல்ல வேண்டியவனாக அவள் கணவனும் வந்தான்.

"எங்க வீட்ட விட்டுடலாமே மேடம்" என்றாள் அக்கா.

"குலுக்கல்ல வந்தத தூக்கி வீசினா அதுக்குப் பேரு குலுக்கல் இல்லம்மா" என்றார் ஆய்வை நடத்தும் பேராசிரியர். அவருக்குத் தொல்லைகள் பிடிக்கும். தொல்லை இல்லாத தகவலை அவர் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். "நீங்க கேக்கக் கூடாது, வேற ஆள் வரும். அந்த நேரத்துல நீங்க காதுக்கு எட்டாத இடத்துல இருக்கணும். ஆய்வு முடியற வரைக்கும் அவர்கிட்ட அதைப் பத்திப் பேசக் கூடாது. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். புதிதாகச் சேருபவர்களுக்கு அந்த விதியைச் சொல்லிக்கொடுப்பவளே அவள்தான். வீட்டில் ஒருவர் ஆறு என்று சொன்னது இன்னொருவருக்குத் தெரிந்தால், "ஏன் ஆறு?" என்று கேள்வி வரும். அடுத்த தடவை அவர் ஒன்பது என்பார். அது திருப்தி ஏறியதால் வந்த ஒன்பது அல்ல, பயத்தால் வந்த ஒன்பது.

மழைக்காலத்தில் உடன் வேலை பார்க்கும் கண்ணாடிக்காரி வந்தாள். கூடத்தில் கேள்வி பதில் நடந்தது. அக்கா சமையலறையில் இருந்தாள். சாரல் உள்ளே வரை அடித்ததால் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் இருந்த ஜன்னலும் சாத்தியிருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. நேர்மைக்கு வானமும் கைகொடுத்தது.

வெயிலில் கைகொடுக்கவில்லை. கண்ணாடிக்காரி வந்த பிற்பகலில் காற்று அசையவில்லை, வீட்டில் இருந்த ஜன்னலெல்லாம் திறந்து கிடந்தது. மெக்கானிக் அப்போதுதான் உள்ளே வந்து செருப்பை உதறினான். கண்ணாடிக்காரி கேட்பதும், அவன் பெருமூச்சு விடுவதும், பிறகு பதில் சொல்வதும் சமையலறைக்குத் தெளிவாக வந்து சேர்ந்தன.

"நாலு."

அக்காவின் கை ஜன்னலுக்குப் போனது. விதி விதிதான். சத்தமில்லாமல் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். மற்றக் கேள்விகளும் பதில்களும் அந்தப் பக்கமே நின்றுவிட்டன. அவள் நேர்மையாகத்தான் இருந்தாள், ஒரு பதில் தாமதமாக. முழு நேர்மை என்றால் எதுவும் தெரிந்திருக்காது. கொஞ்சம் அயோக்கியத்தனம் இருந்திருந்தால் எல்லாமே தெரிந்திருக்கும். இரண்டுக்கும் நடுவில் நின்றதால் நாலு மட்டும் கிடைத்தது.

எத்தனையோ வீடுகளில் நாலு கேட்டவள் அவள். மூன்று, இரண்டு எல்லாம் கேட்டு, "சரி, அடுத்த கேள்வி" என்றிருக்கிறாள். ஆனால் அந்த நாலுகளோடு அவள் குடும்பம் நடத்தவில்லை. இத்தனை வருடம் பக்கத்தில் படுத்து, பக்கத்தில் எழுந்து, பாதிக்கும் கீழே! அந்தக் குறைவில் தன் பங்கு எவ்வளவு என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. வாய் திறந்து கேட்டால் தெரிந்துவிடும். கேட்டுவிட்டால் அவன் அடுத்து சொல்வது பயத்தின் பதில் ஆகிவிடும். ஆய்விலிருந்து வீட்டை நீக்கச் சொல்ல வேண்டும். ஏன் என்று பேராசிரியர் கேட்பார். கேட்காமல் இருந்தாள்.

கேட்காததை வேறு வழியில் ஈடுகட்டப் பார்த்தாள். கடையிலிருந்து ஒரு ஸ்டாண்ட் ஃபேன் வந்தது, அவன் நாற்காலியைப் பார்த்து நின்றது. டிவி ரிமோட் அவன் கைக்குப் போனது. ஏசி பற்றிய பேச்சு வீட்டிலிருந்து மறைந்தது. ஒரு நாள் அவனுடைய சட்டையைப் பார்த்து, கேட்காமலே, "இந்தக் கலர் உங்களுக்கு நல்லா இருக்கு" என்றாள். அவன் அப்படியே நின்றுவிட்டான்.

"என்ன ஆச்சு? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"ஒண்ணுமில்லையே."

"எதையாவது போட்டு உடைச்சிட்டியா? சொல்லிடு, திட்ட மாட்டேன்."

"ஒண்ணும் உடையலங்க."

"உங்க அண்ணன் வந்து தங்கப்போறானா?"

"யாரும் வரல. சாப்பிடுங்க."

அவன் சாப்பிட்டான், ஆனால் சந்தேகத்தோடு. அன்பு காட்டினால் பயப்படுகிறான், காட்டாவிட்டால் நாலு கொடுக்கிறான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

வெளியில் அவள் வேலை ஓடியது. அந்த வெயிலில் எல்லோரும் இறங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். மழையில் எட்டு சொன்ன தையல்காரி ஆறு என்றாள். பேக்கரிக்காரர் அடுப்பிலிருந்து முகத்தைத் திருப்பாமலே, "அஞ்சு போட்டுக்கோங்க, மிச்சம் உருகிப் போச்சு" என்றார். எழுத்தர் மட்டும் ஏழில் அசையாமல் நின்றார். மேல்மாடியில் இலை உதிர்வின் வரைபடம் சுவரில் நீண்டுகொண்டே போனது. ஆனாலும் அடுத்த வீட்டுக்காரர் ஐந்து சொன்னால் அது வெயிலால், தன் வீட்டுக்காரன் நாலு சொன்னால் அது தன்னால். அப்படித்தான் அவளுக்குத் தோன்றியது. எல்லோருக்கும் பொருந்தும் ஒன்று நமக்கு மட்டும் பொருந்தாது என்று நம்புவதில் படித்தவர், படிக்காதவர் வேறுபாடு கிடையாது.

குளிர்காலச் சுற்றுக்குக் கண்ணாடிக்காரி வந்தபோது அக்கா வீட்டிலேயே இல்லை. எதற்கு வம்பு என்று கடைத்தெருவுக்குப் போய், தேவையில்லாத இரண்டு வாளிகளை வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

எல்லாச் சுற்றும் முடிந்து ஒரு நாள் பேராசிரியர் எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். சுவர்த் திரையில் ஒரு வரைபடக் கோடு விழுந்தது. மழையில் உயரம், வெயிலில் பள்ளம், குளிரில் மறுபடி ஏற்றம். யாருடைய பெயரும் அதில் இல்லை. அறை எவ்வளவு சூடோ அந்த அளவுக்கு முதல் கேள்வியின் மதிப்பெண் விழுந்திருந்தது.

"கூரை மேலயும் அடுப்புப் பக்கத்துலயும் வேலை செய்யறவங்களுக்குப் பள்ளம் இன்னும் ஆழம்" என்றார் பேராசிரியர், பரிசு விழுந்தவரைப் போல. "இதுல வேடிக்கை என்னன்னா, சில பேருக்கு வெயில்லதான் நல்ல வரும்படி. கையில காசு ஏறுது, வாழ்க்கை மேல மதிப்பு இறங்குது. எனக்கு இது ரொம்பப் பிடிச்சிருக்கு."

பிறகு திருத்தம் பற்றிச் சொன்னார். வெவ்வேறு பருவத்துப் பதில்களை ஒப்பிட வேண்டுமானால், வெயிலில் சொன்ன எண்ணோடு ஒன்றேகால் சேர்த்துக்கொள்ள வேண்டும். சராசரியாக வெயில் பறித்தது அவ்வளவு. "தகவல் பெட்டிய மூடியாச்சு. இனிமே உங்கவுங்க வீட்டுல தாராளமா பேசிக்கலாம்" என்று அக்காவைப் பார்த்துச் சிரித்தார்.

அக்கா அங்கேயே மனதில் கூட்டிப் பார்த்தாள். நாலும் ஒன்றேகாலும் ஐந்தேகால். பாதியைத் தாண்டியிருந்தது. ஒரு கால் அளவு நிம்மதியாக வீட்டுக்குப் போனாள்.

மெக்கானிக் கூடத்தில் ஒரு பழைய ஃபேன் மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தான். அக்கா எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முகத்தை வேலைக்குப் போகும்போது வைப்பதைப் போல வைத்துக்கொண்டாள்.

"ஒரு கேள்வி."

"தெர்மாமீட்டர் எங்க?" என்றான் அவன்.

"விளையாடாதீங்க. போன வெயில்ல கண்ணாடிக்காரி வந்தாளே, வாழ்க்கைக்குப் பத்துக்கு நாலுன்னு சொன்னீங்க. எனக்குக் கேட்டுச்சு."

ஸ்க்ரூடிரைவர் நின்றது. "நாலா? நானா சொன்னேன்?"

"நீங்கதான்."

அவன் கூரையைப் பார்த்தான். நினைவு மெதுவாக இறங்கி வந்தது. "ஆமாமா. அன்னைக்கு மூணாவது மாடி. அவுட்டோர் யூனிட்ட பாக்க வெறும் தகரத்து மேல உக்காந்தேன். உக்கார்ற இடமே வெந்து போச்சு. கீழ வந்தா அந்த வீட்டம்மா, இன்னும் குளுகுளுன்னு வரலையேன்னு கத்துது. அப்படியே வீட்டுக்கு வந்து செருப்பக் கழட்டறேன், வாழ்க்கை திருப்தியாங்கறா உங்காளு. நாலு குடுத்ததே தாராளம்."

அவன் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தான்.

"ஏன், மிச்சத்தக் கேக்கலையா நீ?"

"ஜன்னல சாத்திட்டேன்."

அவன் அவளை உற்றுப் பார்த்தான். பிறகு நாற்காலிக்குப் பக்கத்தில் நின்ற ஸ்டாண்ட் ஃபேனைப் பார்த்தான். பிறகு ரிமோட்டை. ஒன்றோடு ஒன்று சேர்ந்து முழுப்படம் கிடைத்ததும் வாய்விட்டுச் சிரித்தான்.

"அதானா இவ்வளவு உபசாரம்! நாலுக்கே ஃபேன் வருதுன்னா, மூணுன்னு சொல்லியிருப்பேனே!"

"சிரிக்காதீங்க. மிச்சம் என்ன சொன்னீங்க?"

"வேலைக்கு மூணு. உடம்புக்கு ஆறு. தூக்கத்துக்கு, ரெண்டோ என்னவோ. குடும்பம்னு கேட்டா, ஒம்போது சொன்னேன்."

"ஒம்போதா?"

"ஒம்போதுதான். நல்லா ஞாபகம் இருக்கு, உங்க கண்ணாடிக்காரிக்கே மூஞ்சி லேசா மாறிடுச்சு."

"மாறக் கூடாது அவளுக்கு" என்றாள் அக்கா, பழக்கதோஷத்தில். பிறகு, "மீதி ஒண்ணு எதுக்குக் குறைச்சீங்க?"

"ரெண்டு வருஷமா ஏசி ஏசின்னு என் காத அறுத்தியே, அதுக்கு."

"ஓட வெச்சிருந்தா நான் ஏன் அறுக்கப்போறேன்?"

"ஓட வெச்சிருந்தா எனக்கு அந்த ஃபேன் கிடைச்சிருக்குமா?"

அக்கா எழுந்து சமையலறைக்குப் போனாள். சிரிப்பை ஜன்னல் வரைக்கும் தள்ளிப்போட முடிந்தது, அதற்கு மேல் முடியவில்லை. அங்கே நின்றபடி கணக்குப் போட்டாள். குடும்பக் கேள்விக்கு வெயில் அவ்வளவு பறிக்காது, அதே திருத்தத்தை அதற்கும் போடுவது முறையல்ல என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் போட்டாள். ஒன்பதும் ஒன்றேகாலும் பத்தேகால்.

பத்துக்கு மேல் எந்தப் பதிலையும் அந்த ஆய்வு ஏற்றுக்கொள்ளாது.

"என்ன சத்தத்தையே காணோம்?" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது.

"சரி" என்றாள் அக்கா, ஜன்னலைத் திறந்து வைத்தபடி. "சட்டைய மாத்துங்க, சாப்பிடலாம். நாளைக்கு அந்த ஏசியப் பிரிங்க."