நத்தம் பேருந்தில் என் மடி

திண்டுக்கல்லில் இருந்து நத்தம் போகும் பேருந்தில் நிற்கவும் இடமில்லை. கைக்குழந்தையோடு ஓர் இளைஞன் ஏறுகிறான். "புள்ளைய அந்த அக்காட்ட குடுப்பா" என்று நாலைந்து குரல்கள் எழுகின்றன. என்னைச் சுற்றி ஆண்களும்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்குக் குழந்தையைப் பிடிக்கத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை.

மடிக்கு வந்ததுமே குழந்தை வீறிடுகிறது. தட்டுகிறேன், வளையலை ஆட்டிக் காட்டுகிறேன். அடங்கவில்லை. கடைசியில் எழுந்து அவனை உட்காரச் சொல்கிறேன். குழந்தையைத் தோளில் சாய்த்து முதுகைத் தடவுகிறான். சற்று நேரத்தில் தூங்கிவிடுகிறது.

"அம்மா வரலையா?"

"இவ பெறந்தப்பவே எறந்துட்டாக்கா. இம்புட்டு நாளும் நாந்தான் பாத்தேன். பொம்பளப் புள்ளைய ஆம்பள வளக்க ஏலாதுன்னு ரெண்டு வீட்டுலயும் சொல்லிட்டாக. நத்தத்துல கொழுந்தியா வீட்டுல விடப் போறேன்."

சன்னலுக்கு வெளியே புளியந்தோப்புகள் தொடங்குகின்றன. குழந்தையின் வாயோரம் வழிந்த எச்சிலைத் துடைத்துவிட்டு, என்னை அண்ணாந்து பார்க்கிறான்.

"நீங்க பொம்பள, ஒங்களுக்குத் தெரியும். என்னய எத்தன நாள்லக்கா மறப்பா?"

பிள்ளையே பெறாத நான், எல்லாம் தெரிந்தவள் போல, "சீக்கிரமே மறந்துருவாப்பா" என்கிறேன்.

அவன் அதை நம்பிவிடுகிறான்.