இடப்பக்க சீட்

நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. படித்துவிட்டு நீங்கள் சிரித்தாலும் சரி, விளக்கைப் போட்டுக்கொண்டு படுத்தாலும் சரி.

இது புவனேஸ்வரனுக்கு நடந்தது. மலைமேல், கோலா தெர்லா பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் ஃபிட்டர். கதை கட்டுகிற ஆள் கிடையாது. கட்டத் தெரிந்திருந்தால் எப்போதோ சூப்பர்வைசர் ஆகியிருப்பார். மெஷின் எத்தனை மணிக்கு நின்றது, எத்தனை மணிக்கு ஓடியது என்று எழுதி எழுதி, எது நடந்தாலும் கடிகாரத்தைப் பார்க்கிற பழக்கம் அவருக்கு ஒட்டிக்கொண்டது. அதனால்தான் இதில் இத்தனை மணிக் கணக்கு.

மனைவி புனிதா போய் இரண்டு வருடம். ஒரே மகள் ரூபினி கிள்ளானில் இருக்கிறாள். தோட்டத்துப் பத்து வீட்டு லயத்தில் இவர் வீட்டில் மட்டும்தான் விளக்கு எரியும். மற்றவர்கள் எல்லாம் டவுன் பக்கம் போய்விட்டார்கள். சாயங்காலம் பனி இறங்கிவிட்டால் தட்டு கழுவுகிற சத்தம்கூட ஊருக்கே கேட்பதுபோல் இருக்கும். கேட்க ஊர்தான் இல்லை. ரேடியோவில் யாராவது பேசிக்கொண்டிருந்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

வந்துவிடுங்கள் என்று ரூபினி கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். மருமகன் வீட்டுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போய் இறங்க இவருக்கு மனம் வரவில்லை. அவள் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்த அன்று வாக்குக் கொடுத்தார். பிள்ளைக்குப் பேர் வைக்கும் முப்பதாம் நாளுக்குச் சொந்தக் காரில் வருவேன், அதற்குப் பிறகு அங்கேயே இருந்துவிடுவேன் என்றார். அன்று முதல் அவருக்கு அந்த ஒரே நினைப்புதான்.

சொந்தக் கார் என்றால் சாதாரணக் கார் இல்லை. இளவட்ட வயதில் டர்போ வைத்த இரண்டு கதவு ஜப்பான் கார் ஒன்றைப் பார்த்து ஏங்கியவர் அவர். அதே மாதிரி வண்டி திரிங்காப்பில் ஒரு பூந்தோட்ட வீட்டில் கிடப்பதாகக் கேள்விப்பட்டுப் போனார். இஞ்சின் பாதி பிரித்த நிலையில் இருந்தது. விற்றவர் வடிவம்மாள் என்ற அறுபது வயது அம்மா. வண்டி மகன் ஹரிதாசுடையது, அவன் இப்போது இங்கே இல்லை என்றார். வந்தவருக்கு ஒரு வாய் காப்பிகூடக் கொடுக்கவில்லை.

இவர் மரியாதை தெரிந்த மனிதர் அல்லவா? கிளம்பும்போது, "போயிட்டு வரேம்மா" என்றார். அதோடு விடவில்லை. "வண்டி ரெடியானதும் தம்பிய வரச் சொல்லுங்க. பக்கத்துல உக்கார வச்சு ஒரு ரவுண்டு போறேன்லா."

அந்த அம்மா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். போய்ட்டு வாங்க என்று சொல்லவே இல்லை.

லயத்தின் கடைசியில் பழைய ஆயாக் கொட்டகை ஒன்று இருந்தது. தாய்மார்கள் கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுக் கொழுந்து கிள்ளப் போன இடம். இப்போது சும்மா கிடந்தது. மேனேஜரிடம் கேட்டு அங்கே காரை ஏற்றினார். எட்டு மாதம், வேலை விட்டு வந்ததும் அதே வேலை. ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வருகிற கார்களை விற்கும் ஹாஃப்-கட் கடை ஈப்போவில் இருக்கிறது. அங்கே போய் டர்போவையும் பைப்புகளையும் பொறுக்கி வந்தார். துருவைச் சுரண்டினார். ரேடியேட்டரை மாற்றினார். கைவிரல் நகமெல்லாம் கறுத்துப்போனது.

முதலில் கண்ணில் பட்டது இடப்பக்க சீட். அது பின்னால் தள்ளி, ஆள் சாய்ந்து படுப்பதுபோல் சாய்ந்திருந்தது. நிமிர்த்தி வைத்தார். மறுநாள் சாயங்காலம் 6.40க்குக் கொட்டகையைத் திறந்தபோது மறுபடி சாய்ந்திருந்தது. ஸ்பிரிங் கெட்டிருக்கும் என்று கழற்றிப் பார்த்தார். ஸ்பிரிங் புதுசாக இருந்தது.

அடுத்து டைமர். டர்போ சூடாக இருக்கும்போது இஞ்சினைப் பட்டென்று நிறுத்தக் கூடாது. சாவியைக் கழற்றிய பிறகும் ஒரு நிமிடம் ஓடவிட்டு, பிறகு தானே நிறுத்தும் சின்னப் பெட்டி ஒன்று உண்டு. அதுதான் டர்போ டைமர். ஒருநாள் 7.05க்குச் சாவியைக் கழற்றினார். இஞ்சின் 7.09 வரை ஓடியது. பெட்டி பழசு என்று வயரை வெட்டிக் கழற்றி அலமாரியில் வைத்தார்.

மறுநாள் சாவியைக் கழற்றினார். இஞ்சின் நிற்கவில்லை.

சாவி கையில். பெட்டி அலமாரியில். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது... நான்கு நிமிடம். பிறகு யாரோ போதும் என்று விட்டதுபோல் நின்றது.

நீங்களும் நானும் என்றால் அன்றைக்கே ஓடியிருப்போம். புவனேஸ்வரன் ஓடவில்லை. அவரே என்னிடம் வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னார்: அவருக்குச் சந்தோஷமாக இருந்ததாம். பேயோ பிசாசோ, வீட்டுப் பக்கம் ஒரு ஆள் இருக்கிறது. ஸ்பேனர் பிடித்தபடி அதோடு பேச ஆரம்பித்தார். தொழிற்சாலைக் கதை, புனிதாவின் சமையல், மகளின் பிரசவ தேதி என்று எல்லாம் பேசினார். அவர் தளர்வாக விட்டுப் போன ஹோஸ் கிளிப்புகள் காலையில் இறுகியிருந்தன. ரேடியோ போடாமலே தூக்கம் வந்தது.

பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. முப்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை வந்தது. அதற்கு முந்திய வியாழக்கிழமை சாயங்காலம் 7.10க்கு, முதன்முதலாகக் காரைத் தோட்டத்து ரோட்டில் இறக்கினார்.

நல்ல பனி. லைட் பத்தடிதான் எட்டியது. இரண்டு பக்கமும் தேயிலைச் செடி. வலப்பக்கம் பள்ளம்.

7.18. டர்போ ஏறுகிற விசில் சத்தம். பெடலிலிருந்து காலை எடுத்தால் 'புஸ்ஸ்' என்று அடங்கியது. எட்டு மாத உழைப்பு. அவருக்குக் கண் கலங்கியது.

7.22. இடப்பக்கக் கண்ணாடியில் ஆவி படிந்தது. உள்பக்கம். மூச்சு விட்டால் படிவதுபோல், ஒரே இடத்தில்... படிந்தது. மறைந்தது. படிந்தது.

பிறகு அதை ஒரு கை துடைத்தது.

வெளியே பார்ப்பதற்கு.

போன் அடித்தது. ரூபினி. ஸ்பீக்கரில் போட்டார். முப்பதுக்கு யார் யார் வருகிறார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள்.

"பக்கத்துல யாருப்பா சிரிக்கிறது?"

"யாருமில்லம்மா."

"இல்லப்பா. சின்ன வயசு ஆளு மாதிரி..."

லைன் அறுந்தது.

அவர் காலை எடுத்தார். வேகம் குறையவில்லை.

டர்போ முள் ஏறியது. இன்னும் ஏறியது.

வளைவு.

பிரேக்கில் ஏறி நின்றார். கார் பள்ளத்துப் பக்கம் இழுத்துக்கொண்டு போய் நின்றது. 7.31. இஞ்சின் செத்தது. சத்தமே இல்லை.

பிறகு...

'டிக்'.

இடப்பக்க பெல்ட். யாரும் இல்லாத சீட்டின் குறுக்கே, மாட்டியிருந்தது.

அவர் கதவைத் திறந்து நடந்தே லயத்துக்கு வந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் பட்டப்பகலில் காரை எடுத்துக்கொண்டு திரிங்காப் போனார். வழியில் ஒன்றும் நடக்கவில்லை. சீட்கூட நிமிர்ந்தே இருந்தது. வாசலில் காரைப் பார்த்ததும் வடிவம்மாள் அழ ஆரம்பித்துவிட்டார். உங்கள் மகன் எங்கே என்று கேட்டார் இவர்.

ஹரிதாஸ் செத்துப்போயிருந்தான். இருபத்தொன்பது வயது. இரண்டு வருடம் சிறுநீரகம் பழுதாகிக் கிடந்தவன். வண்டியை முடிக்கக் கையில் தெம்பில்லை. சாயங்காலமானால் இடப்பக்க சீட்டைச் சாய்த்துப் படுத்துக்கொண்டு, யாராவது முடித்து ஓட்டிக்கொண்டு போவார்கள் என்று சொல்லிக்கொண்டிருப்பானாம். கூட்டாளிகள் வருவது முதலில் குறைந்தது, பிறகு நின்றே போனது. அந்த சீட்டிலேயேதான் உயிரும் போனது. புவனேஸ்வரன் கார் வாங்கப் போனது அவன் செத்த ஒன்பதாம் நாள். பதினாறாம் நாள் காரியம் அப்போது முடியவில்லை.

நம் ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாவு வீட்டில் யாரும் போயிட்டு வரேன் என்று சொல்லிக்கொண்டு கிளம்ப மாட்டோம். வாயைத் திறக்காமல் எழுந்து போவோம். இவரோ சொல்லிக்கொண்டும் கிளம்பினார், வீட்டுக்கு வா என்று கூப்பிடவும் செய்துவிட்டார்.

"நீங்க கூப்ட்டீங்க. நான் தடுத்திருக்கணும், தடுக்கல," என்றார் வடிவம்மாள். "இத்தன நாளா அவன யாருமே கூப்டலீங்க."

அதைக் கேட்டு இவருக்குக் கோபம் வரவில்லை. சாவியை மேசையில் வைத்தார். ஒன்றும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து நடந்தார். இந்தத் தடவை வாயைத் திறக்கவே இல்லை.

சொந்தக் கார் வாக்கு போனது. போனால் போகிறது, பேரனைப் பார்த்தால் போதும் என்று இருந்தது அவருக்கு. சனிக்கிழமை சாயங்காலம் கிள்ளான் பக்கம் போகும் காய்கறி லோரி ஒன்றில் பையோடு ஏறினார். ஓட்டியவன் மாடசாமி, தெரிந்த பையன். இவர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். இருவருக்கும் நடுவில் ஒரு ஆள் இடம் காலியாக இருந்தது.

கம்போங் ராஜா தாண்டி மலை இறங்கும்போது மாடசாமி சொன்னான்.

"அண்ணே, கால கொஞ்சம் தள்ளிக்குங்க. கியர் போட முடியல."

இவர் கால் கதவை ஒட்டி இருந்தது. நகர்வதுபோல் நகர்ந்தார்.

பத்து நிமிடம் கழித்து மறுபடி.

"அண்ணே. கால்."

வளைந்து வளைந்து இறங்குகிற ரோடு. சொன்னால் பையன் பயந்து லோரியைக் கவிழ்த்துவிடுவான். அவர் சொல்லவில்லை. தூக்கக் கலக்கம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

முப்பதாம் நாள் நன்றாக நடந்தது. பிள்ளைக்கு ஷர்வின் என்று பேர் வைத்தார்கள். இவருக்கு ஒரு அறை ஒதுக்கினார்கள். வீடு நிறையச் சத்தம். பத்து நாள் போனதே தெரியவில்லை. தப்பித்துவிட்டோம் என்று நினைத்தார்.

பதினோராம் நாள் சாயங்காலம் வடிவம்மாள் போன் செய்தார். சுற்றி வளைக்கவில்லை. தினமும் பொழுது சாயும்போது காரில் போய் உட்காருவதாகவும், மகன் பேரைச் சொல்லிக் கூப்பிடுவதாகவும் சொன்னார். ஒரு அசைவும் இல்லையாம். இஞ்சின் சத்தம் இல்லை. சீட் சாயவில்லை.

"வண்டியில அவன் இல்லீங்க. அங்க வந்துட்டானா?"

புவனேஸ்வரன் ஒன்றுதான் கேட்டார். உங்கள் மகன் யாருக்காவது கெடுதல் செய்வானா?

"இல்லீங்க. தனியா இருக்கத்தான் பயப்படுவான்."

போனை வைத்தார். மணி 7.20. மருமகன் வேலையிலிருந்து வரவில்லை. ரூபினி குளித்துக்கொண்டிருந்தாள். உள்ளறையில், தொட்டிலில், பிள்ளை சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தது. யாரோ விளையாட்டுக் காட்டுவதுபோல்... விட்டு விட்டு.

அடுத்த நாள் கிளினிக்கில் பிள்ளையை எடை போட்டுப் பார்த்த நர்ஸ் மிஸ்ஸியிடம், சும்மா கேட்பதுபோல் கேட்டார்.

நாற்பது நாள் பிள்ளை அப்படிச் சத்தமாகச் சிரிக்காது, அதற்கு இன்னும் இரண்டு மாதமாவது ஆகும் என்றாள் மிஸ்ஸி.