வெங்காயப் பிடிகளோடு தொங்கிய தட்டுகள்

ரீச்சர் எங்கள் பக்க அறைக்குக் குடிவந்த அன்று மாட்டுவண்டிலில் ஒரு சூட்கேசும் ஒரு பாயும் சேலைகளால் சுற்றிய கொம்பியூட்டரும் வந்து இறங்கின. சுற்றியிருந்தவை எல்லாம் அவருடைய நல்ல சேலைகள். உடுத்தியிருந்தது வெளிறிப்போன ஒன்று. அப்போதே எனக்கு அந்தப் பிள்ளையைப் பிடித்துவிட்டது. ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

யாழ்ப்பாணத்தில் கரண்ட் நின்று மூன்று வருடம் கழிந்திருந்தது. கரண்ட் இல்லாத ஊரில் இதை வைத்து என்ன செய்யப் போகிறீர் என்று கேட்டேன். உங்கடை மிசின் இருக்குத்தானே அம்மா என்றார். மிசின் என்றால் கிணற்றிலிருந்து வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்கிற மண்ணெண்ணெய் இயந்திரம். என் கணவர் காலமான பிறகு நானே கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணிப் பழகியது.   ரீச்சர் சுன்னாகத்திலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்து, மிசினின் சில்லோடு ஒரு டைனமோவைப் பெல்ட் போட்டுச் சேர்த்து, வெங்காயக் கொட்டிலுக்குள் வயர் இழுத்துவிட்டார். கொம்பியூட்டரும் கொட்டிலுக்கே வந்தது.

அதில் அவர் வைத்திருந்தது இரத்தம் கொடுக்கிறவர்களின் பட்டியல். ஆஸ்பத்திரியில் இரத்தத்தைக் குளிரில் வைத்திருக்க வசதி குறைவு. தேவை வந்தால் ஆளைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். ரீச்சர் ஒரு வருடமாகச் சைக்கிளில் ஊர் ஊராகப் போய், பெயர், ஊர், இரத்த வகை என்று எழுதிக்கொண்டு வந்து கொம்பியூட்டரில் ஏற்றினார். ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்த துண்டோடு யாராவது வந்தால், மிசினை ஓடவிட்டு நாலு தட்டுத் தட்டுவார். பெயர்கள் வந்துவிடும்.

எழுதிய கடதாசிகள் ஒரு பனையோலைக் கடகம் நிறைய இருந்தன. அவற்றை நான் எரித்தேன். அதையும் சொல்லத்தான் வேண்டும். நெருப்புப்பெட்டி கிடைக்காத காலம். ஒரு குச்சியில் அடுப்புப் பற்ற வேண்டும். இதெல்லாம் தேவையோ பிள்ளை என்று கேட்டேன். உள்ளே ஏற்றியாச்சு அம்மா, எடுங்கோ என்றார். மாரி முழுக்க எங்கள் இரண்டு பேருக்கும் அந்தக் கடதாசியில்தான் தேநீர் கொதித்தது.

கொட்டிலின் கூரை வளையில் விதை வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டித் தூக்கியிருப்பேன். ஏன் நிலத்தில் வைக்கக்கூடாது என்று வந்த புதிதில் ரீச்சர் கேட்டார். ஈரம் ஏறும், பூஞ்சணம் பிடிக்கும், காற்றுப்பட்டால் அடுத்த போகம் வரை நிற்கும் என்றேன். கேட்டுவிட்டுப் போனார். மறுநாள் பார்த்தால் வெங்காயப் பிடிகளுக்கு நடுவே பனையோலையில் பின்னிய உமல் பை ஒன்று தொங்குகிறது. என்ன உது என்றேன். கொம்பியூட்டரை எழுப்புகிற சிஸ்டத்தின் பழைய ஃபிளொப்பித் தட்டுகளாம். இப்போது உள்ளே இருப்பது அதைவிடப் புதியதாம். புதிய தட்டுகள் மேசையில் கொம்பியூட்டருக்குப் பக்கத்தில் இருந்தன. தேவைப்படாததை ஏன் தூக்கி வைத்தீர் என்று சிரித்தேன். விதை வெங்காயமும் இண்டைக்குத் தேவையில்லைத்தானே என்றார். 

மாரி முடிகிற நேரம் ஒரு பின்னேரம், ரீச்சர் பெயர்களை ஏற்றிக்கொண்டிருக்கும்போதே மிசின் இருமி நின்றுவிட்டது. மண்ணெண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தது. அதைச் சுத்தப்படுத்தி வைத்துவிட்டுப் படுத்தோம்.

மறுநாள் காலை பருத்தித்துறையிலிருந்து ஒரு மனுசன் சைக்கிளில் வந்தார். கடலுக்குப் போகிறவர், கழுத்தில் சிலுவை. கையில் ஆஸ்பத்திரித் துண்டு. அவருடைய பெண்சாதிக்கு முதல் பிள்ளை, வயிற்றைக் கீறித்தான் எடுக்க வேண்டுமாம். அதற்கு அடுத்தநாள் காலை ஒப்பரேசன். ஓ நெகட்டிவ் இரத்தம் வேண்டும். அது நூறு பேரில் ஒன்றிரண்டு பேருக்கே இருக்கிற வகை என்று ரீச்சர் முன்பே எனக்குச் சொல்லியிருந்தார்.

மிசினை ஓடவிட்டேன். கொம்பியூட்டர் முனகியது. திரையில் ஒரு வெள்ளை வரி மட்டும் வந்து நின்றது. ரீச்சர் திரும்பத் திரும்ப நிறுத்தி எழுப்பினார். அதே வரி. முதல்நாள் சடாரென்று நின்றதில் சிஸ்டம் பழுதாகிவிட்டது என்றார். பெயர்கள் உள்ளேதான் இருக்கின்றன, கதவைத் திறக்கிற ஆள்தான் இல்லை என்று எங்கள் இரண்டு பேருக்கும் விளங்குகிற மாதிரிச் சொன்னார்.

அந்த மனுசன் பெட்டியைச் சுற்றிவந்து பார்த்தார்.

"உதுக்குள்ளையோ ரீச்சர் ஆக்கள் இருக்கினம்?"

"ஓம் அண்ணை. எல்லாரும் இருக்கினம்."

"அப்ப கதவை உடைச்சுப்போட்டு எடுக்கேலாதோ?"

"உடைச்சால் ஆக்களும் போயிடுவினம்."

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. எனக்குக் கடகத்தின் நினைவுதான் வந்தது. ஒரு கடதாசியையாவது விட்டு வைத்திருக்கக்கூடாதா என்று மனம் அடித்துக்கொண்டது. ரீச்சர் என் பக்கம் திரும்பவேயில்லை. குறை சொல்கிற பார்வை ஒன்றுகூட இல்லை. அதை இன்றுவரை மறக்கவில்லை.

மேசையிலிருந்த புதிய தட்டுகளை எடுத்தார். மெல்லிய கறுத்த தட்டுகள், அப்பளத்தைக் கடதாசி உறைக்குள் வைத்ததுபோல. முதலாவதைச் செருகினார். கரகரவென்று அரைத்ததே தவிர ஒன்றும் வரவில்லை. வெளியே இழுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். காய்ந்த பனங்கிழங்கு ஒடியலில் பிடிக்கிற மாதிரி வெள்ளைப் பூஞ்சணம். மற்றவையும் அப்படித்தான்.

ரீச்சர் எழுந்து, முக்காலியில் ஏறி, வெங்காயப் பிடிகளை விலக்கி, உமலை அவிழ்த்தார். பழைய தட்டுகள் இரண்டே இரண்டு. கண்ணாடிபோல் சுத்தமாக இருந்தன. வெங்காய மணம் மட்டும்.

மண்ணெண்ணெய் ஒரு போத்தலும் கொஞ்சமும் இருந்தது. அன்றைக்குத் தோட்டத்துக்கு இறைக்கிற முறை. பயிர் வாடி நின்றது. ரீச்சர் என்னைப் பார்த்தார், கேட்கவில்லை. நான் எண்ணெயை முழுக்க மிசினுக்கு வார்த்தேன். வெங்காயம் ஒருநாள் பொறுக்கும்.

மிசின் ஒரே சீராக ஓட வேண்டும். சத்தம் இளைத்தால் கரண்ட் குறையும், கொம்பியூட்டர் பாதியில் விழுந்துவிடும். கை வைத்தபடி நான் பக்கத்திலேயே நின்றேன். அந்தச் சத்தம் எனக்கு என் மூச்சுப்போலத் தெரியும். கொட்டிலின் கதவு திறந்திருந்ததால் ரீச்சரின் முகமும் தெரிந்தது.

பழைய தட்டு மெதுவாக வாசித்தது. முதலில் அது கேட்டது திகதி.

"அம்மா, இண்டைக்கு எத்தினையாம் திகதி?"

தை பதினெட்டு என்றேன். இங்கிலீசு மாதத்தை அவரே கணக்குப் பார்த்துப் போட்டார். அதற்குள் இருந்த பற்றரி எப்போதோ செத்துவிட்டதால், அது எண்பதாம் ஆண்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறதாம்.

"அப்பிடியே விடும் பிள்ளை. அந்த வருசம் நல்ல வெங்காயம்."

அப்போதுதான் அவர் அன்று முதல் தடவையாகச் சிரித்தார். சிரித்தபடியே சரியான ஆண்டைப் போட்டார்.

அதன் பிறகு அவர் செய்ததைத்தான் நான் யாருக்கும் பெருமையாகச் சொல்வேன். இரண்டு வழி இருந்ததாம். ஒன்று, உள்ளே இருப்பதையெல்லாம் துடைத்துவிட்டுப் புதிதாக ஏற்றுவது. கொம்பியூட்டர் பழக்குகிற ரியூட்டரியில் எல்லோரும் அதைத்தான் செய்வார்களாம், சுலபமாம். மற்றது, உள்ளே இருக்கிறவற்றைத் தொடாமல் கதவுக்காரனை மட்டும் மாற்றுவது. எழுத்து ஒன்று பிசகினாலும் இரண்டாவது முதலாவதாகிவிடலாம். ரீச்சர் அடிக்க வேண்டியதை முதலில் ஒரு சிலேட்டில் எழுதினார். மூன்று தரம் வாசித்தார். கொம்பியூட்டரில் அடித்தபின் சிலேட்டையும் திரையையும் எழுத்து எழுத்தாக விரலால் ஒத்துப் பார்த்தார். அந்த மனுசன் சிலுவையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எண்ணெய் குறைந்துகொண்டே போனது. ரீச்சர் அவசரப்படவில்லை. பிறகுதான் கடைசி விசையை அமத்தினார்.

தட்டை வெளியே எடுத்துவிட்டுத் திரும்ப எழுப்பினார். கொம்பியூட்டர் தானாகவே எழும்பிவிட்டது. நான் பெருமூச்சு விட்டேன், அதற்குள் ரீச்சர் இன்னும் முடியவில்லை என்று கைகாட்டினார். சிஸ்டம் பழையது, உள்ளே மிச்சம் இருக்கிற ஏவல்களெல்லாம் புதிய சிஸ்டத்துக்கு உரியவை. பழையவன் சொல்லுக்கு நாங்கள் கட்டுப்படமாட்டோம் என்று ஒவ்வொன்றும் நிற்கிறதாம். இரண்டாவது தட்டிலிருந்து தேவையானவற்றை மட்டும் பொறுக்கி ஒவ்வொன்றாக மாற்றினார்.

"அம்மா, இன்னும் எவ்வளவு கிடக்கு?"

"ரெண்டு விரல். நீர் உம்மடை வேலையைப் பாரும். நான் இதைப் பாக்கிறன்."

கொஞ்ச நேரத்தில் திரை நிறையப் பெயர்கள் மேலே ஏறின. ரீச்சர் ஒரு சவர்க்காரப் பெட்டி மட்டையில் மூன்று பெயர் எழுதினார். இணுவிலில் ஒருவர், கோப்பாயில் ஒருவர், சாவகச்சேரியில் ஒருவர். மனுசன் மட்டையை வாங்கிச் சட்டைக்குள் வைத்தார். நன்றி சொல்லக்கூட நிற்கவில்லை, சைக்கிளில் ஏறிவிட்டார். அவர் ஒழுங்கைத் தெரு திரும்பும்போது மிசின் இருமிவிட்டு நின்றது.

அடுத்தநாளே ரீச்சர் ஒரு மூட்டை கோடு போட்ட கொப்பிகளோடு வந்தார். எண்ணெய் கிடைக்கும்போதெல்லாம் பட்டியலைத் திரும்பக் கடதாசிக்கு இறக்கினோம். அவர் பெயரையும் ஊரையும் எழுத, பக்கத்துக் கோட்டில் இரத்த வகையை நான் எழுதினேன். மூன்றாம் வகுப்போடு நின்ற எனக்கு அப்போதுதான் இங்கிலீசு எழுத்து மூன்று வந்தது, ஏ, பி, ஓ. கோடு கோணாமல் எழுதினேன் என்று அவர் சொன்னார். எழுதியதை உமலில் போட்டு வளையில் கட்டினோம்.

இரண்டு கிழமை கழித்து அந்த மனுசன் வந்தார். ஹாண்டிலில் ஒரு பெரிய பாரை மீன் தொங்கியது. பெட்டைப்பிள்ளையாம். தாயும் சுகமாம். கோப்பாய்க்காரர் வயலிலிருந்து சேற்றுக் காலோடேயே வந்து இரத்தம் கொடுத்தாராம்.

அன்று வெள்ளிக்கிழமை. எங்கள் வளவுக்குள் வெள்ளிக்கிழமையில் மீன் வந்ததில்லை. அவருக்கு அது தெரியாது. ரீச்சருக்குத் தெரியும். நாளைக்குக் கொண்டு வாங்கோ அண்ணை என்று மெல்லச் சொல்ல வாயெடுத்தார்.

"தாரும் தம்பி" என்று நான் வாங்கிக்கொண்டேன்.

குசினிக்குள் கொண்டுபோகவில்லை. கிணற்றடியில் வைத்து நானே செதில் உரித்து வெட்டினேன். ரீச்சர் வெள்ளிக்கிழமை பாராதவர். கொட்டிலுக்கு வெளியே மூன்று கல் வைத்து அவருக்குக் குழம்பு காய்ச்சினேன். அடுப்பு மூட்டுகிறபோது பழைய பழக்கத்தில் கை கடதாசிக்குப் போனது. நிமிர்ந்து வளையில் தொங்கிய உமலைப் பார்த்தேன். பிறகு எழுந்துபோய்க் காய்ந்த பனங்காவோலை ஒடித்துக்கொண்டு வந்தேன்.