தெரிந்தவர் சொன்ன ஆள் வேண்டாம்

மயிலாப்பூரில் சமையல்காரர் முதல் சம்பந்தி வரை தெரிந்தவர் மூலம்தான் கிடைப்பார்கள். தொண்ணூறுகளில் என் தூக்கம் கெட்டு, காரணமில்லாமல் அழுகை வந்தபோது, மனநல ஆலோசகரை மட்டும் அப்படித் தேட மாட்டேன் என்று முடிவு கட்டினேன். ஒருவருக்குத் தெரிந்தால் தெருவுக்கே தெரிந்துவிடும்.

அடையாறில் ஒரு போர்டைப் பார்த்து நேரே உள்ளே போனேன். அங்கிருந்த ஆலோசகர் முறையாகப் படித்துப் பதிவு பெற்றவர்தான். உட்காருமுன் என் தெருப் பெயரைச் சொல்லிக் கேட்டேன்: "அங்கேர்ந்து யாராவது உங்ககிட்ட வராங்களா?"

"வந்தாலும் சொல்ல மாட்டேன்மா."

அந்த வாரமே எங்கள் கோயில் குளக்கரையில் எதிரே வந்த அந்த ஆலோசகர், என்னைத் தெரியாதவர்போலக் கடந்து போனார். வேறு யாராவது அப்படிப் போயிருந்தால் வீடு தேடிப் போய்ச் சண்டை போட்டிருப்பேன். அவரிடம் அடுத்த முறை எல்லாவற்றையும் சொன்னேன்.