மூன்றாம் வளைவில் நைனா

எங்கள் நைனா மறைந்து ஓராண்டு நிறைவுறும் இந்நாளில், எங்கள் அழைப்பை மதித்து வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்க்கும் நண்பர்களுக்கும் குடும்பத்தார் அனைவரின் வணக்கம். மூத்த மகள் என்பதாலும், ஆசிரியை என்பதாலும், நைனாவின் வாழ்க்கையை நான்தான் எழுத வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார். பிறந்த ஊரிலிருந்து தொடங்குவதே முறை. அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஓராண்டாகச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. நைனா பைக்கிலிருந்து விழுந்து இறக்கவில்லை. கணையத்தில் வந்த புற்றுநோயால் மருத்துவமனைக் கட்டிலில் காலமானார். காரியத்துக்கு வந்தவர்களில் பாதிப்பேர் என்னைத் தனியாக அழைத்து, "எந்த எடத்துல வுழுந்தாரு?" என்று கேட்டீர்கள். பொதட்டூர்பேட்டை அத்தையோ, "அந்த வண்டில குனிஞ்சி குனிஞ்சி ஓட்டித்தான் வயித்துல கட்டி வந்திச்சி" என்று இன்றுவரை சொல்லி வருகிறார். புற்றுநோய் அப்படி வருவதில்லை, அத்தை. இப்போது அச்சிலேயே போட்டாயிற்று. இனியாவது எல்லோரும் விட்டுவிடுங்கள்.

நைனா ஆர்.கே.பேட்டைக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், கூலி வேலை செய்த பெற்றோருக்குத் தலைப்பிள்ளையாகப் பிறந்தார். பத்தாம் வகுப்பு முடிக்கும் முன்பே தந்தையை இழந்தார். தங்கையைப் படிக்க வைத்து, பொதட்டூர்பேட்டையில் தறி வைத்திருந்த நல்ல குடும்பத்தில் கட்டிக் கொடுத்த பிறகுதான் தன் கல்யாணத்தைப் பற்றியே பேச விட்டார். அந்தத் தங்கைதான் மேலே சொன்ன அத்தை. ரயில்வேயில் கேங்மேனாகச் சேர்ந்து, அரக்கோணம் பகுதியில் முப்பத்தைந்து ஆண்டுகள் தண்டவாளத்தைக் காத்து, மேஸ்திரியாக ஓய்வு பெற்றார். திருத்தணியில் வீடு, அரக்கோணத்தில் வேலை. வெயிலோ மழையோ, தன் பழைய நூறு சிசி வண்டியில் போய் வந்தார். ஒரு நாள்கூட வேலைக்குத் தாமதமாகப் போனதில்லை, ஒருவரையும் மரியாதை இல்லாமல் பேசியதில்லை. இவை எல்லாம் உண்மை. ஆனால் வீட்டில் சொன்ன பேச்சைக் கேட்ட ஆள் என்று மட்டும் யாரும் எழுதிவிடாதீர்கள்.

நைனாவுக்கு வளைவு என்றால் உயிர். ரயில் பாதை வளையும் இடத்தில் வெளித் தண்டவாளத்தை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்பதைச் சாப்பாட்டு நேரத்தில் ரசக் கிண்ணத்தைச் சாய்த்துக் காட்டுவார். ஓய்வு பெற்ற அடுத்த மாதம், அரக்கோணத்தில் மெக்கானிக் கடை வைத்திருக்கும் பாய், பந்தய வண்டிகளுக்கு வேலை பார்க்க ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் உள்ள பந்தயத் தளத்துக்குப் போனபோது நைனாவையும் துணைக்கு அழைத்துப் போனார். போனவர் சும்மா வந்திருக்கலாம். அறுபது வயதில், வளைவில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வகுப்பில் பெயர் கொடுத்துவிட்டு வந்தார்.

"இன்னா நைனா இது?" என்று கேட்டேன்.

"தண்டவாளத்துல ரயிலுக்கு ரோசனையே கெடையாதும்மா. நாம போட்ட வழில போவும். அங்க அப்படி இல்ல. வளைவு மட்டுந்தான் கீது, வழிய நாமதான் போடணும்."

அம்மா மூன்று நாள் பேசவில்லை. நைனா அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

அதன்பிறகு எங்கள் வீடு வீடாக இல்லை. வளைவுக்குள் நுழையும் முன் நேரான இடத்திலேயே பிரேக்கை முடித்துவிட வேண்டும், உடம்பை உள்பக்கம் இறக்க வேண்டும், கண் மட்டும் வளைவு முடியும் இடத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்களாம். எனவே நைனா சாப்பாட்டு மேசையைச் சுற்றித் தலையை மட்டும் திருப்பிக்கொண்டு நடப்பார். இரண்டு முறை ஃபிரிட்ஜில் போய் இடித்துக்கொண்டார். வாசலில் நிற்கும் வண்டியில் ஏறி, ஒரு தொடையை வெளியே தொங்கவிட்டு, கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருப்பார். தெருவில் போகிறவர்கள் நின்று, "மேஸ்திரி, இடுப்பு புடிச்சிக்கிச்சா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். பந்தயத் தளத்தில் போட வேண்டிய தோல் உடுப்பைப் போட்டால் ஜிப் மேலே ஏறாது. அம்மா ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் இழுத்து மூடுவதற்குள் எங்களுக்கு மூச்சு வாங்கும். அவரோ, "மெதுவா, மெதுவா" என்று எங்களுக்குப் புத்தி சொல்லுவார்.

என் பயம் என்ன என்பதை இங்கே மறைக்கவில்லை. அவர் விழுந்துவிடுவார் என்று பயந்தேன். அதனால்தான் ஒவ்வொரு முறையும் கூடப் போனேன், ஒவ்வொரு முறையும் வேலிக்கு வெளியே நின்று திட்டினேன்.

கற்றுக்கொடுத்தவர் சென்னைப் பெண். வயதில் என் மாணவிகளைவிடக் கொஞ்சம்தான் பெரியவர். பொறுமையில் என்னைவிடப் பத்து மடங்கு பெரியவர். நைனா எல்லா வளைவுகளையும் ஒழுங்காக எடுத்தார், ஒன்றைத் தவிர. நீண்ட நேர்ப் பாதை முடிந்து வலப்பக்கம் திரும்பும் மூன்றாம் வளைவில் மட்டும் வண்டி இடது பக்கமாக விலகி, தளத்தை விட்டுப் புல்லுக்குப் போய்விடும். ஒரு முறை இரு முறை அல்ல, ஒவ்வொரு சுற்றிலும். நான்கு முறை பயிற்சிக்குப் போய் வந்தும் அதே கதைதான்.

"சார், கண்ணு எங்க போகுதோ வண்டி அங்கதான் போகும். நீங்க அந்தக் கார்னர்ல மட்டும் எங்க பாக்கறீங்க?" என்று அந்தப் பெண் கேட்டார்.

"ரோட்டத்தாம்மா பாக்கறேன்" என்று நைனா அடித்துச் சொன்னார்.

ஐந்தாம் முறை எனக்குப் பொறுக்கவில்லை. செல்போனில் படம் பிடித்து, மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தேன். மூன்றாம் வளைவு வருகிறது. நைனாவின் தலை இடது பக்கம் திரும்பி மேலே நிமிர்கிறது. இடது கை கைப்பிடியை விட்டு எழும்புகிறது. ஹெல்மெட்டின் கன்னத்தில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. பிறகு கை கீழே இறங்குகிறது. அதற்குள் வண்டி புல்லில்.

பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்த பாய்க்கு உடனே விளங்கிவிட்டது. "அடக் கடவுளே, மேஸ்திரி மலையக் கும்புடறாரு" என்றார்.

அரக்கோணத்திலிருந்து வரும்போது ஒரு நீண்ட நேர் ரோடு முடிந்து வலப்பக்கம் திரும்பும் இடம் உங்களுக்குத் தெரியும். அங்கேதான் இடது பக்கம் முதன்முதலாகத் தணிகை மலை கண்ணில் படும். நம் ஊர்க்காரர்கள் எவருக்கும் அந்த இடத்தில் கை தானாகக் கன்னத்துக்குப் போகும். நைனாவுக்கு முப்பத்தைந்து ஆண்டு, வேலை முடிந்து வந்த ஒவ்வொரு நாளும் போயிருக்கிறது. நேர் ரோடு, அப்புறம் வலது வளைவு. உடம்புக்கு அது ஸ்ரீபெரும்புதூர் என்று யார் சொல்வது? படத்தைக் காட்டியபோது நைனா நம்பவில்லை. மூன்று முறை பார்த்தார். பிறகு உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, "நான் எடுக்கலம்மா, கை தானா போவுது" என்றார்.

தலையில் அடித்துக்கொண்டேன். பாய் ஒரு யோசனை சொன்னார். "மேஸ்திரி, ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே அட்வான்ஸா ஒரு பத்து கும்புடு போட்டுடுங்க."

"சாமிக்கு அட்வான்ஸா? ரிசர்வேஷனா பண்றோம்?" என்று நைனா கோபித்துக்கொண்டார்.

"அப்ப கையக் கட்டிப் போடட்டுமா நைனா? இல்ல, வண்டிய விட்டுடறீங்களா?" என்று நான் கத்தினேன். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அரக்கோணம் வழியாக வீடு திரும்பினோம். அந்த வளைவு வந்தது, மலை தெரிந்தது. என் கையும் கன்னத்துக்குப் போயிற்று. அதற்காகவும் அவர்மேல்தான் எரிச்சல் வந்தது.

அடுத்த இரண்டு மாதத்தில் நைனா மெலிந்தார். சோறு இறங்கவில்லை, முதுகில் வலி என்றார். குனிந்து ஓட்டுவதால் வந்த வலி என்று நானும்தான் சொன்னேன், அத்தையை மட்டும் குறை சொல்வானேன். சென்னையில் பரிசோதித்தபோது நோயின் பெயர் தெரிந்தது. சிகிச்சை தொடங்க இரண்டு வாரம் இருந்தது. அந்த இரண்டு வாரத்துக்குள் ஒரு பயிற்சி நாள் வந்தது. நைனா மருத்துவரிடம் நோயைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "சார், மூணாவது வளைவு ஒண்ணு பாக்கி கீது, போய்ட்டு வரட்டுமா?" என்று மட்டும் கேட்டார். உடம்பு இடம் கொடுத்தால் போகட்டும் என்று மருத்துவர் கைப்பட எழுதிக் கொடுத்தார். அதைப் படித்துப் பார்த்த பிறகே அந்தப் பயிற்சிப் பெண்ணும், நான்கு சுற்றுக்கு மேல் கூடாது என்ற கட்டுப்பாட்டுடன் சம்மதித்தார். சம்மதிக்காதவள் நான் ஒருத்திதான். என்னை யார் கேட்டார்கள்?

அன்று காலை ஜிப்பை இழுக்க நானும் பாயும் இரு பக்கமும் நின்றோம். அது ஒரே இழுப்பில் கழுத்துவரை ஏறிவிட்டது. உடுப்புக்குள் இன்னொரு ஆள் நுழைய இடமிருந்தது. நைனா குனிந்து பார்த்துவிட்டு, "இப்பத்தான் அளவு சரியா கீது" என்றார். எனக்கு அழுகை வந்தது. அழுகை வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். "நாலே சுத்து. அஞ்சாவது போனீங்கன்னா நான் பஸ் ஏறி வீட்டுக்குப் போயிடுவேன்" என்றேன். ஆங், ஆங் என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

முதல் சுற்றில் மூன்றாம் வளைவில் கை எழுந்தது. வண்டி புல்லில் இறங்கி, ஆடி, எப்படியோ ஏறி வந்தது. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. அத்தை.

"ஏன்டி, ஒடம்பு கெட்ட மனுசன் பைக்கு ஓட்டிக்கினு கீறாராமே? நீ கூட நின்னுகினு வேடிக்க பாக்கறியா?"

அத்தைக்குச் சொன்னது யார் என்று இன்றுவரை தெரியவில்லை. நான் வேலிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றேன். வண்டிச் சத்தத்தில் காது கேட்காததால் ஒரு காதைப் பொத்திக்கொண்டேன். "நான் இன்னா அத்தை பண்றது? என் பேச்சு எடுபடுதா? பிடிவாதம். யாரப் பத்தியும் கவலையே கெடையாது அவருக்கு" என்று ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. சிறு வயதிலிருந்து சேர்த்து வைத்திருந்த குறைகளையெல்லாம் கொட்டினேன். அத்தையும் நடுநடுவே எடுத்துக் கொடுத்தார். போனை வைத்துவிட்டுத் திரும்பியபோது நைனா ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு எதிரே வந்துகொண்டிருந்தார். வியர்வையில் முகம் பளபளத்தது. அப்படி ஒரு சிரிப்பை அவர் முகத்தில் அதற்கு முன்பும் நான் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை.

"பாத்தியாம்மா? மூணு சுத்தும் பாத்தியா? கையே எடுக்கல. வளைவு முடிஞ்சி வண்டி நிமுந்தப்புறம், நேர் ரோட்டுல கும்புட்டுக்கினேன்."

"பாத்தேன் நைனா" என்றேன்.

"எப்படி இருந்திச்சி?"

"நூத்துக்கு நூறு."

பத்து ஆண்டு ஆசிரியப் பணியில் நான் யாருக்கும் நூறு போட்டதில்லை. அது நைனாவுக்கும் தெரியும். அதனால்தான் அதை அவர் ஊரெல்லாம் சொன்னார். சிகிச்சை நடந்த எட்டு மாதமும் நர்ஸுகளிடம் சொன்னார், பக்கத்துக் கட்டில்காரரிடம் சொன்னார். "என் பொண்ணு கண்ணால பாத்தா, கேட்டுப் பாரு. அவ லேசுல மார்க் போடறவ இல்ல." ஒவ்வொரு முறையும் நான் தலையை ஆட்டினேன்.

கடைசியாக அவர் வெளியே போனது பொதட்டூர்பேட்டைக்கு, தங்கையைப் பார்க்க. தறிச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்த முடியாமல், அங்கேயும் இதையே சொன்னார். "அந்த மூணு சுத்தையும் என் பொண்ணு பாத்தாம்மா." அத்தை என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்த மூன்று சுற்று நேரமும் நான் யாரிடம், யாரைப் பற்றி, என்ன பேசிக்கொண்டிருந்தேன் என்று இந்த உலகத்தில் அறிந்தவர் அவர் ஒருவரே. ஊரில் யாருக்கு எது நடந்தாலும் வாயில் வைத்திருக்கத் தெரியாதவர்.

"ஆமாண்ணா. அன்னிக்கே போன் பண்ணி எங்கிட்ட சொன்னாளே. அழுதுகினே சொன்னா, எங்க நைனா மாதிரி யாரும் ஓட்டலன்னு" என்றார் அத்தை.

நைனா என் பக்கம் திரும்பிச் சிரித்தார். அன்றிலிருந்து பதினோராம் நாள் காலமானார்.

நோயுற்ற காலத்தில் துணை நின்ற மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், சென்னைக்கும் ஊருக்கும் சலிக்காமல் கார் ஓட்டிய பாய்க்கும், பயிற்சி கொடுத்த பெண்ணுக்கும், இறுதிப் பயணத்தில் தோள் கொடுத்த தெருவாசிகளுக்கும், ரயில்வே தோழர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி என்றும் உரியது.

அத்தை, நீங்கள் பைக்கைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள், இனி நான் மறுத்துப் பேச மாட்டேன். நைனா மூன்றாம் வளைவைச் சரியாக எடுத்ததை நான் பார்க்கவில்லை. பார்த்தேன் என்று நம்பித்தான் போனார். அதற்கு உங்களுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.